எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் செய்தால் வடிவம் ஏன் மாறுகிறது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: பட்டறையில் எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி செய்கிறார். நீளம் 240 மி.மீ., அகலம் 160, உயரம் 70, தகடு 0.6 மி.மீ., உள்ளே ஐந்து அறைகள், கீல் வைத்த மூடி. அதே பெட்டியைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர மோல்டு செய்பவரிடம் போனபோது, சுவரைச் சாய்க்க வேண்டும், மூலைகளை உருட்ட வேண்டும், அடிப்பக்கம் முழுத் தட்டையாக இருக்கக் கூடாது, அறைத் தடுப்புகளை எடுத்துவிட்டுத் தனிக் கிண்ணங்கள் போடலாம் என்று நான்கு மாற்றம் சொல்லியிருக்கிறார். "நான் கேட்டதைச் செய்யாமல் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்கிறாரா?" என்பதுதான் கேள்வி.

முதல் மூன்றிலும் அவர் சொல்வது சரி. அவை எந்த நல்ல மோல்டுக்காரரும் சொல்லக்கூடியவை. நான்காவதில் வேறு வழியும் உண்டு; ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அழுத்தமான காரணம் இருக்கிறது. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: பெட்டியின் வடிவம் பயன்பாட்டிலிருந்து வருகிறதா, செய்யும் மூலப்பொருளிலிருந்து வருகிறதா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் இப்போது உங்கள் கையில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். அதன் சுவர் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம், தகட்டை மடித்தால் 90 டிகிரி இயல்பாக வருகிறது என்பது. தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக வருவதால் பெட்டியும் அப்படியே இருக்கிறது. விளிம்பைச் சுருட்டியிருக்கிறீர்கள், சுருட்டாவிட்டால் கையைக் கிழிக்கும், பெட்டியும் தளதளவென்று ஆடும். ஆக, "அஞ்சறைப் பெட்டியின் வடிவம்" என்று நாம் நினைப்பதில் பாதி, தகடும் மடிப்பு இயந்திரமும் கொடுத்த வடிவம். மரத்தில் செய்த பழைய அஞ்சறைப் பெட்டி வேறு மாதிரி இருந்தது: கனத்த சுவர், மூலையில் பல் கோத்த இணைப்பு, தள்ளித் திறக்கும் மூடி. அதுவும் மரம் கொடுத்த வடிவம்தான். பிளாஸ்டிக்குக்கும் இப்படி அதற்கே உரிய கட்டாயங்கள் உண்டு.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் மூன்று காரியம் நடக்கிறது. உருகிய பிளாஸ்டிக் குருணை அச்சுக்குள் ஓடுகிறது. குளிர்ந்து சுருங்கி உறைகிறது. அச்சு திறந்து பண்டம் வெளியே தள்ளப்படுகிறது. உங்களிடம் சொல்லப்பட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து வந்தவை.

சாய்வு, அதாவது டிராஃப்ட், வெளியே தள்ளும் கட்டத்துக்கானது. பிளாஸ்டிக் சுருங்கும்போது உள்பக்க அச்சை, கோர் என்பார்களே, அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவர் செங்குத்தாக இருந்தால் 70 மி.மீ. உயரம் முழுக்க உரசிக்கொண்டே வெளியே வர வேண்டும். கோடு கோடாகக் கீறல் விழும், பண்டத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் குத்திய இடம் வெளுத்துப் போகும், சில சமயம் அடிப்பாகமே உள்ளே நெளியும். 1.5 டிகிரி சாய்வு கொடுத்தால் 70 மி.மீ. உயரத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1.8 மி.மீ. உள்ளே போகும். இரு பக்கமும் சேர்த்து அடிப்பக்கம் மேல்வாயைவிட 3.7 மி.மீ. சிறியதாகும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வெளிச்சுவரில் சொரசொரப்பான டெக்ஸ்சர் கேட்டால் சாய்வு இன்னும் கூட வேண்டும்: டெக்ஸ்சர் ஆழம் ஒவ்வொரு 0.025 மி.மீ.க்கும் கூடுதலாக 1 முதல் 1.5 டிகிரி என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. இதோடு அவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: கோரில் காற்று வால்வு வைக்கிறாரா? நன்றாகப் பாலிஷ் செய்த கோரில் ஆழமான பெட்டி ரப்பர் உறிஞ்சுகிண்ணம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாய்வு மட்டும் அதைத் தீர்க்காது.

மூலை உருட்டுவதற்குக் காரணம் இரண்டு. கூரான மூலையில் உருகிய பிளாஸ்டிக் சரளமாகத் திரும்பாது. அதைவிட முக்கியம், பயன்பாட்டில் எல்லா விசையும் அந்தக் கூர்முனையில் போய்க் குவிந்து அங்கேதான் விரிசல் தொடங்கும். உள்மூலை வளைவு சுவர்க்கனத்தில் குறைந்தது பாதி, வெளிமூலை வளைவு ஒன்றரை மடங்கு என்று வையுங்கள். 2 மி.மீ. சுவருக்கு உள்ளே 1 மி.மீ., வெளியே 3 மி.மீ. அப்போது மூலையிலும் கனம் அதே 2 மி.மீ. ஆகவே இருக்கும். உள்ளே மட்டும் வளைத்துவிட்டு வெளியே கூராக விட்டால் மூலையில் பிளாஸ்டிக் குவிந்து, கடைசியாகக் குளிர்ந்து, சுவரை உள்ளே இழுக்கும். வடிவமைக்கத் தொடங்குபவர்கள் மிக அடிக்கடி செய்யும் பிழை இது.

அடிப்பக்க விஷயமும் குளிர்தலைச் சேர்ந்தது. அகலமான தட்டைப் பரப்பு ஒரே சீராகக் குளிர்வதில்லை. நடுவில் கேட், அதாவது பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய், இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம், ஓரத்தில் குறைவு. அதனால் சுருக்கமும் இடத்துக்கு இடம் வேறுபடும். விளைவு, அடிப்பக்கம் ஒரு பக்கம் உப்பும். கீழ்நோக்கி உப்பினால் பெட்டி மேடையில் வைத்ததும் தாளம் போடும். அதனால்தான் முன்கூட்டியே நடுப்பகுதியை 0.5 முதல் 1 மி.மீ. மேல்நோக்கி வளைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு மெல்லிய பாத வளையம் வைக்கிறார்கள். பெட்டி அந்த வளையத்தில் உட்காரும். வீட்டில் இருக்கும் எந்தப் பிளாஸ்டிக் வாளியையும் கவிழ்த்துப் பாருங்கள், வளையம் தெரியும். நீண்ட சுவர்களுக்கும் இதே நோய் உண்டு. 240 மி.மீ. சுவரின் நடுப்பகுதி உள்நோக்கி வளையும், மூடி சரியாக உட்காராது. மேல்விளிம்பில் 4 முதல் 5 மி.மீ. அகலத்துக்கு வெளிப்புறம் மடிந்த உதடு ஒன்று வைத்தால் அந்த வளைவு பெருமளவு அடங்கும். தகட்டில் சுருட்டிய விளிம்பு செய்த வேலைகளில் கையைக் கிழிக்காமல் காப்பது இங்கே தேவையில்லை. விறைப்பு தரும் வேலை மட்டும் உதட்டின் வடிவில் தொடர்கிறது.

இனி கனம். 0.6 மி.மீ. எவர்சில்வர் தகட்டின் விறைப்பு வேண்டும் என்றால் பிளாஸ்டிக் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? எஃகின் மீள்தன்மை எண் சுமார் 200 கிகாபாஸ்கல். பாலிப்ரொப்பிலீனுக்கு, அதாவது பிபிக்கு, சுமார் 1.4. ஏறத்தாழ 140 மடங்கு வித்தியாசம். ஆனால் தட்டையான பரப்பின் விறைப்பு கனத்தின் மூன்றாம் படியாக ஏறுகிறது. 140க்குக் கனமூலம் எடுத்தால் 5.2. ஆக 0.6 மி.மீ. தகட்டுக்கு ஈடு 3.1 மி.மீ. பிபி. அப்படிச் செய்தாலும் சதுர மீட்டருக்கு எஃகு 4.7 கிலோ, பிபி 2.8 கிலோதான். இதைக் கேட்டதும் "சரி, 3 மி.மீ. போடுங்கள்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். குளிரும் நேரம் கனத்தின் இருபடியாகக் கூடும். 2 மி.மீ. சுவர் குளிர 12 விநாடி என்று வைத்துக்கொண்டால் 3 மி.மீ.க்கு 27 விநாடி ஆகும். ஒவ்வொரு பெட்டிக்கும் இயந்திர வாடகை அந்த அளவுக்கு ஏறும், குருணையும் ஒன்றரை மடங்கு போகும். அதனால் பிளாஸ்டிக்கில் விறைப்பைக் கனத்தில் தேடுவதில்லை. வளைவிலும் மடிப்பிலும், ரிப் எனப்படும் மெல்லிய விறைப்புத் தடுப்பிலும் தேடுகிறோம். 2 மி.மீ. சுவர், உதடு, வளைந்த மூலை, லேசாக மேலெழும்பிய அடி, இவை சேர்ந்தாலே உங்கள் பெட்டிக்குப் போதும். எடை 200 கிராமை ஒட்டி வரும். எஃகில் அதே பெட்டி மூடி இல்லாமலே அரைக் கிலோவைத் தாண்டும்.

இப்போது சண்டைக்குரிய இடம், அறைத் தடுப்புகள். அடிப்பக்கத்திலிருந்து எழும் எந்தத் தடுப்பும் பிளாஸ்டிக்கின் கணக்கில் ஒரு ரிப். ரிப்பின் அடிக்கனம் சுவர்க்கனத்தில் 50 முதல் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தச் சந்திப்பில் பிளாஸ்டிக் குவிந்து, கடைசியில் சுருங்கி, அடிப்பக்கத்தின் வெளியே பள்ளம் விழும். சிங்க் மார்க் என்பது அதுதான். உங்கள் அடி 2 மி.மீ. என்றால் தடுப்பின் அடிக்கனம் 1.2 மி.மீ. வரைதான். தடுப்பு 60 மி.மீ. உயரம். அதுவும் அச்சிலிருந்து வெளியே வர வேண்டும்; குறைந்தபட்சமாகப் பக்கத்துக்கு அரை டிகிரி சாய்வு கொடுத்தாலும் ஒரு பக்கம் 0.52 மி.மீ. குறையும். அடியில் 1.2 என்றால் உச்சியில் 0.15 மி.மீ. காகிதக் கனம், அங்கே பிளாஸ்டிக் போய்ச் சேராது. உச்சியில் 1 மி.மீ. வேண்டுமென்றால் அடியில் 2 மி.மீ.க்கு மேல் போகும், பள்ளம் நிச்சயம். இரண்டு விதியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோல்டுக்காரர் தனிக் கிண்ணம் என்று சொன்னது இதை உத்தேசித்துத்தான் இருக்கும். இது போக, அவ்வளவு ஆழமான ஒடுங்கிய பிளவை அச்சில் ஸ்பார்க் போட்டுத்தான், அதாவது மின்பொறியால் எஃகை அரித்துத்தான், எடுக்க வேண்டும். பிளவின் நுனியில் காற்று சிக்கி, அழுத்தத்தில் சூடேறி, பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும். காற்றுப்போக்கு வைக்க அச்சைத் துண்டு துண்டாகக் கோக்க வேண்டியிருக்கும்.

வேறு வழி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொள்ளல் தடுப்பு. தடுப்பை ஒற்றைச் சுவராக நினைக்காமல் அடிப்பக்கமே மேலே எழும்பி மடிந்து இறங்குவதாக நினையுங்கள், கவிழ்த்த ப வடிவில். கனம் எங்கும் 2 மி.மீ., சாய்வு 1.5 டிகிரி தாராளமாகக் கொடுக்கலாம், பள்ளம் விழாது. விலை என்ன? ஒவ்வொரு தடுப்பும் அடியில் 9, 10 மி.மீ. இடத்தை விழுங்கும், பெட்டியின் அடியில் நீளமான குழிகள் தெரியும், அதில் மாவும் எண்ணெயும் சேரும். அடித்தளம் அழகாக வேண்டும் என்றால் இன்னொரு தகடு ஒட்ட வேண்டும்.

என் தேர்வு தனிக் கிண்ணம்தான். ஒரே கிண்ணத்துக்கு ஒரு மோல்டு போதும், ஐந்தும் ஒரே வடிவம். கழுவ எடுக்கலாம், ஒன்று உடைந்தால் மாற்றலாம். மசாலாக் கிண்ணத்தின் உள்மூலையை 8 முதல் 10 மி.மீ. வளைவாக வையுங்கள். ஸ்பூனின் நுனி வளைவு அதற்குள் படிந்து, கடைசிச் சிட்டிகை மஞ்சள் தூள் வரை வழித்தெடுக்க முடியும். எவர்சில்வர் மடிப்புப் பெட்டியில் கூரான மூலையில் தூள் கெட்டிப்பட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் தன் வசதிக்காகக் கேட்கும் வளைவு இங்கே சமைப்பவருக்கும் வசதியாக அமைகிறது. கிண்ணங்கள் வட்டமாக இருக்க வேண்டியதில்லை. உருண்ட மூலை கொண்ட சதுரம் என்றால் பெட்டிக்குள் இடம் வீணாகாது.

மூடிக்கு வருவோம். கீலையும் மூடியையும் பெட்டியோடு ஒரே அடியில் எடுக்கலாமே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். பிபியின் பெரிய வரம் அது: 0.25 முதல் 0.5 மி.மீ. கனமுள்ள மெல்லிய பட்டை, சரியாகச் செய்தால் பல்லாயிரம் முறை மடித்தாலும் அறாது. அச்சிலிருந்து வந்த சூட்டோடு சில முறை மடித்துவிட்டால் மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்காக வரிசைப்பட்டுப் பட்டை வலுப்பெறும். தலைக்கு எண்ணெய் ஊற்றும் பாட்டில் மூடியில் தினமும் திறந்து மூடுவது அந்தக் கீலைத்தான். ஆனால் அது சின்ன மூடிகளில் ஜொலிக்கும் உத்தி. உங்கள் பெட்டியில் உருகிய பிளாஸ்டிக் 0.3 மி.மீ. இடுக்கு வழியாகப் போய் 240க்கு 160 மூடி முழுவதையும் நிரப்ப வேண்டும். பாதியில் உறைந்து மூடி அரைகுறையாக வரும். மூடிக்கும் தனி கேட் வைத்தால் இரு பக்க ஓட்டமும் கீலிலேயே சந்தித்து ஒட்டுக்கோடு விழும். அந்தக் கோட்டில் கீல் கிழியும். வால்வு கேட் வைத்து ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்து சமாளிக்கலாம், செலவு கூடும். அதோடு இயந்திரமும் பெரிதாக வேண்டும். பெட்டி மட்டும் என்றால் மேலிருந்து தெரியும் பரப்பு 384 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 0.4 டன் என்று வைத்தால் அச்சை மூடிப் பிடிக்க 154 டன் விசை வேண்டும், 180 டன் இயந்திரம் தாங்கும். திறந்த நிலையில் மூடியும் சேர்ந்தால் 307 டன், 350 டன் இயந்திரம் தேட வேண்டும். மூடியைத் தனியாக எடுத்து, இரண்டு குமிழ்க் கீலில் அழுத்தி மாட்டுவதே உங்கள் அளவுக்குச் சரி.

மூடியைப் பூட்டும் கொக்கிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியின் கனத்தையும் அது விலக வேண்டிய தூரத்தையும் பெருக்கி, ஒன்றரையால் பெருக்கி, நீளத்தின் இருபடியால் வகுத்தால் அடியில் ஏற்படும் இழுவிகிதம், அதாவது பிளாஸ்டிக் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது, கிடைக்கும். கனம் 2, விலகல் 1.5, நீளம் 15 மி.மீ. என்றால் 4.5 வகுத்தல் 225, அதாவது 2 சதவீதம். பிபி இதை நிம்மதியாகத் தாங்கும். இடமில்லை என்று நீளத்தை 10 ஆக்கினால் 4.5 சதவீதம். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் என்றால் முறியக்கூடும். பிபி முறியாது, ஆனால் அடியில் வெளுத்துக் கொஞ்ச நாளில் பிடிப்பை இழக்கும். 5 மி.மீ. சிக்கனம் கொக்கியின் ஆயுளைத் தின்றுவிடுகிறது. இன்னொன்று: மூடிய நிலையில் கொக்கி விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் தொடர்ந்து இழுபட்டால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். மூடியதும் கொக்கி இயல்பு நிலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

மூலப்பொருளில் பிபியைத் தவிர வேறெதையும் இந்தப் பெட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடி போன்ற மூடி வேண்டும் என்று ஜிபி பாலிஸ்டைரீன் பக்கம் போகாதீர்கள். கிராம்பில் உள்ள யூஜினால் எண்ணெய் பாலிஸ்டைரீனை அரிக்கும். கிராம்பு பட்ட இடத்தில் நுண்விரிசல் ஓடி மங்கிவிடும். சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கு எதிரி. ஏபிஎஸ் பளபளப்பாக இருக்கும், ஆனால் எண்ணெயும் இழுவிசையும் சேரும் இடத்தில் விரிசல் காணும். ஒளி ஊடுருவும் மூடி வேண்டுமானால் கிளாரிஃபைடு ரேண்டம் கோபாலிமர் பிபி போடுங்கள். கண்ணாடி அளவு தெளிவு கிடைக்காது, எந்தக் கிண்ணத்தில் என்ன என்று தெரியும். பெட்டிக்கு இம்பாக்ட் கோபாலிமர், கீழே விழுந்தால் தாங்கும். இந்தியாவில் உணவுப் பொருளோடு படும் பிபிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 10910, நிறமிகளுக்கு ஐஎஸ் 9833. குருணையும், நிறம் சேர்க்கும் மாஸ்டர்பேட்சும் வாங்கும்போது இரண்டுக்கும் சான்று கேளுங்கள். மறுசுழற்சிக் குருணையை இதில் சேர்க்க வேண்டாம்.

பிபியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மஞ்சள் கறை பிடிக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் பரப்போடு நிற்காமல் உள்ளே இறங்குவதால் தேய்த்தால் போகாது, வெயிலில் வைத்தால் ஓரளவு வெளுக்கும். பெருங்காய வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வறண்ட நாளில் நிலைமின்னேற்றத்தால் மிளகாய்த் தூள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கிளிசரால் மோனோஸ்டியரேட் போன்ற சேர்மானம் அதைக் குறைக்கும். சூடான தோசைக்கல்லை மேலே வைத்தால் உருகும். 160 டிகிரியை ஒட்டி அது உருகிவிடும். இவை எல்லாம் எவர்சில்வருக்கு இல்லாத குறைகள். மஞ்சளுக்கும் பெருங்காயத்துக்கும் மட்டும் எவர்சில்வர் கிண்ணம், மற்றவற்றுக்குப் பிபி, வெளிப்பெட்டி பிபி என்ற கலப்பு உங்கள் பட்டறைக்கு மிகவும் பொருந்தும். கிண்ணம் அடிக்கும் பிரஸ் ஏற்கெனவே உங்களிடம் இருக்கக்கூடும்.

மூலப்பொருளா, பயன்பாடா என்ற அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லியோ பேக்லேண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் வந்த பிறகு வானொலிப் பெட்டியின் கூரான மரமூலைகள் உருண்டன. இங்கிலாந்தில் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்து 1934இல் வெளிவந்த எக்கோ ஏடி65 வானொலி முழு வட்டமாகவே இருந்தது. பேக்கலைட் பொடி அச்சில் சரளமாகப் படிய வளைவு உதவியது, மூலை விரிசல் குறைந்தது, எஃகு அச்சைப் பாலிஷ் செய்வது எளிதானது. இவ்வளவும் உறுதி. அந்த வட்டத்துக்கு மூலப்பொருள்தான் ஒரே காரணமா என்றால் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டுகளில் ரயில், கார் எல்லாவற்றிலும் காற்றைக் கிழிக்கும் வழவழப்பான தோற்றம் மோகமாக இருந்தது. இரண்டும் எந்த விகிதத்தில் கலந்தன என்பது ஊகம்தான்.

உறுதியாகக் காட்டக்கூடிய சான்று வேறொன்று இருக்கிறது. டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பான்டனின் ஒற்றை வளைவு நாற்காலி 1967இல் விட்ரா நிறுவனத்தில் கண்ணாடி இழை சேர்த்த பாலியெஸ்டரில் தொடங்கியது. அடுத்து பாலியூரித்தேன் நுரைக்கு மாறியது. 1970களில் ஸ்டைரீன் வகைத் தெர்மோபிளாஸ்டிக்கில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்கு வந்தது. வடிவம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பதிப்பில் இருக்கை வளையும் இடத்துக்கு அடியில் ரிப்கள் முளைத்தன, ஏனென்றால் அந்த மெல்லிய சுவர் ஆளின் எடையைத் தாங்க வேறு வழியில்லை. அப்படியும் காலப்போக்கில் நாற்காலிகள் உடையத் தொடங்கியதால் 1979இல் உற்பத்தி நின்றது. பின்னர் பாலியூரித்தேனில் திரும்பி, 1999இல் பிபியில் வந்தது. வடிவத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டால் மூலப்பொருளோடு எத்தனை காலம் மல்லுக்கட்ட வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். அதற்கு எதிர்த்திசையில் நிற்பது கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைத்திருக்கும் ஒற்றைத் துண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஆன்ரி மாசோனே 1972இல் பிரான்சில் கொண்டுவந்த வகையின் வழி வந்தது அது. அதன் காலைக் கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே பொள்ளலாக, மடிந்த தகடு போல இருக்கும். கெட்டியான கால் என்றால் குளிரப் பல நிமிடம் ஆகும், பள்ளமும் விழும். அச்சிலிருந்து எடுக்கக் கொடுத்த சாய்வுதான் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் உதவுகிறது.

மாறாத இடமும் உண்டு. பித்தளைக் குடம் பிளாஸ்டிக் ஆனபோது செய்முறை தலைகீழாக மாறியது. குழாயாக இறங்கும் பிளாஸ்டிக்கை அச்சுக்குள் காற்றால் ஊதிச் செய்கிறார்கள். அடியில் அந்தக் குழாயைக் கிள்ளி ஒட்டிய கோடு தெரியும், கீழே விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். ஆனாலும் கழுத்தும் தோளும் பழைய குடத்துடையவைதான். இடுப்பில் வைத்துக் கையை வளைத்துப் பிடிக்க அந்தக் கழுத்து வேண்டும். தண்ணீர் தளும்பாமல் இருக்க அந்தக் குறுகிய வாய் வேண்டும். உடம்பும் கையும் கேட்பதை மூலப்பொருள் மாற்றாது. உங்கள் பெட்டியிலும் அதே போல ஒரு கையில் ஏந்தும் அகலம், மறு கை ஸ்பூன் நுழையும் அறை, ஒரே திறப்பில் எல்லாத் தூளும் கண்ணில் படுவது ஆகியவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். செங்குத்துச் சுவரையும் கூர்மூலையையும் தாராளமாக விட்டுக்கொடுங்கள்.

அச்சு வெட்டுமுன் கவனிக்க வேண்டியவை. மூலப்பொருளை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்ற முடியாது. பிபி சுமார் 1.5 சதவீதம் சுருங்கும் என்று வைத்து 240 மி.மீ. பெட்டிக்கு அச்சு 243.65 மி.மீ. வெட்டுவார்கள். அதே அச்சில் 0.5 சதவீதம் சுருங்கும் ஏபிஎஸ்ஸை ஊற்றினால் பெட்டி 242.4 மி.மீ. வரும், பிபி மூடி பொருந்தாது. பிபியின் சுருக்கமே 1 முதல் 2.5 சதவீதம் வரை, தரம், கனம், அழுத்தம் பொறுத்து மாறும். அதனால் முதல் சோதனைக்குப் பின் திருத்தம் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பொருந்த வேண்டிய இடங்களில் அச்சில் எஃகை மிச்சம் வைத்து வெட்டச் சொல்லுங்கள். எஃகைப் பிறகு சீவலாம். ஒட்ட வேண்டுமென்றால் வெல்டிங், அதன் தழும்பு பண்டத்தில் தெரியும். கொக்கி முதலில் தளர்வாக இருக்கட்டும், அச்சைச் சீவிச் சீவி இறுக்கிக்கொள்ளலாம்.

3டி பிரின்ட் மாதிரி கைக்கு எப்படி இருக்கிறது, கிண்ணம் எத்தனை கிராம் தூள் கொள்கிறது என்பதைச் சொல்லும். சுருக்கம், வளைவு, கொக்கியின் ஆயுள் எதையும் சொல்லாது. அதை நம்பி இவற்றை முடிவு செய்ய வேண்டாம்.

செலவுக் கணக்கில் நான் சொல்லக்கூடியது முறை மட்டும். வரைபடம் பார்க்காமல் மோல்டு விலை சொல்வது சரியாகாது. உதாரணமாக எல்லா மோல்டும் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் என்றால், 5,000 பெட்டிக்குப் பெட்டி ஒன்றுக்கு 120 ரூபாய் மோல்டுக்கே போகும். 50,000 பெட்டிக்கு 12 ரூபாய். எஃகில் இப்படிப்பட்ட முன்செலவு குறைவு. ஆகவே முதல் ஆண்டில் எத்தனை விற்பீர்கள் என்ற எண் உறுதியாகத் தெரியாமல் அச்சு வெட்டச் சொல்லாதீர்கள். வரைபடத்தை மோல்டுக்காரர் அல்லாத ஒருவரிடமும் காட்டலாம். சென்னை கிண்டியில் 1968இலிருந்து இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் இதற்கான வடிவமைப்பு, சோதனை வசதிகள் இருக்கின்றன.

முதல் சோதனைப் பெட்டிகள் வந்ததும் அன்றே அளக்காதீர்கள். பிபி அச்சைவிட்டு வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் சுருங்கிக்கொண்டிருக்கும். 48 மணி நேரம் வைத்துவிட்டு அளந்து, அப்போது மூடி பொருத்திப் பாருங்கள். கிண்ணங்களில் மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், கிராம்பு, கடுகு, சீரகம் நிரப்பி, மூடி பூட்டி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை போடுங்கள். மூலையில் விரிசல் கண்டால் வளைவு போதவில்லை. கொக்கி தெறித்துத் திறந்தால் பிடிப்பு ஆழம் போதவில்லை. இரண்டாவதற்குத்தான் மிச்சம் வைத்த எஃகு.